மறு: நிலைப்பட்டை போதாதா?

அன்பின் குழுவினருக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கேட்டது சின்னக் கேள்வி: திரையின் ஓரத்தில் நேரம், மின்கலம் முதலியவற்றைக் காட்டும் கீற்றுக்கு, ஆங்கிலத்தில் ஸ்டேட்டஸ் பார் என்பதற்கு, தமிழில் என்ன பெயர்? நேற்று இரவுக்குள் பதினெட்டு மடல்கள் வந்துவிட்டன. அவற்றில் ஐந்து கேள்வியைப் பற்றியவை; மிச்சமெல்லாம் வல்லினம் மிகுமா மிகாதா என்பது பற்றியவை. அந்தச் சண்டையை வேறோர் இழைக்குக் கொண்டுபோகும்படி மட்டுறுத்துநரைக் கேட்டுக்கொள்கிறேன். சொல் எதற்கு வேண்டும் என்பதை நான் முதல் மடலில் சரியாகச் சொல்லவில்லை. பிழை என்னுடையது. ஆகவே கணினியிலிருந்தே தொடங்குகிறேன்.

என் மடிக்கணினி பழையது. 2022இல் மின்வெட்டு நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை போன காலத்தில் அதன் மின்கலம் பட்ட பாடு இன்னும் தீரவில்லை. கனமான பணிமேடைச் சூழலை நீக்கிவிட்டு, டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் ஐ3 என்ற சாளர மேலாளரை வைத்தேன். அது சாளரங்களை ஒன்றன்மேல் ஒன்று விழாமல் அடுக்கித் தரும், அவ்வளவுதான். நேரம், மின்கலம், இணைப்பு, ஒலியளவு ஆகியவற்றைக் காட்டுவதற்குத் திரையின் ஒரு பக்கத்தில் மெல்லிய பட்டை ஒன்றைத் தனி நிரலாக ஓடவிட வேண்டும். ஐ3 தன்னுடன் ஐ3பார் என்ற ஒன்றைக் கொண்டுதான் வருகிறது. கொஞ்சம் அழகாக இருக்கட்டும் என்று நான் அதற்குப் பதிலாகப் பொலிபார் என்ற நிரலை எடுத்தேன்.

நிறுவுவதில் ஒரு வில்லங்கமும் இல்லை. டெபியனில் 11 முதலும், இன்னொரு லினக்ஸ் வகையான உபுண்டுவில் 20.10 முதலும் அது மென்பொருள் களஞ்சியத்திலேயே இருக்கிறது. ஒரு கட்டளை போதும். மாதிரி அமைப்புக் கோப்பை வீட்டு அடைவுக்குப் பிரதியெடுத்து, ஐ3 தொடங்கும்போது இதையும் தொடங்கும்படி ஒரு வரி சேர்த்தால் முடிந்தது. ஐ3பாருக்குரிய பகுதியை நீக்க மறந்துவிட்டேன். மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு பட்டைகள் வந்து நின்றன. மின்கலம் மட்டும் தெரியவில்லை. மாதிரிக் கோப்பு மின்கலத்தின் பெயர் பூச்சியத்தில் முடிவதாக நினைத்துக்கொண்டிருந்தது, என் கணினியிலோ அது ஒன்றில் முடிகிறது. ஒரு இலக்கத்தைத் திருத்தியவுடன் 61 வீதம் என்று வந்து உட்கார்ந்தது.

இதற்குப் பிறகுதான் தமிழ் உள்ளே வந்தது. கிழமையைத் தமிழில் காட்டட்டும் என்று வட்டார அமைப்பை இலங்கைத் தமிழுக்கு மாற்றினேன். பட்டையில் திகதியின் இலக்கங்கள் மட்டும் நின்றன, கிழமை இருந்த இடம் வெறுமை. முனையத்தில் பார்த்தால், பொருந்தாத எழுத்தைக் கைவிடுகிறேன் என்று எழுத்துக்கு ஒரு வரியாக ஆங்கிலத்தில் எச்சரிக்கை எழுதியிருந்தது. பொலிபாருக்கு நாம் எழுத்துருக்களை வரிசையாகக் கொடுக்க வேண்டும். முதலாவதில் இல்லாத எழுத்தை அடுத்ததில் தேடும், எதிலும் இல்லையென்றால் விட்டுவிடும். நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துருவை வரிசையில் சேர்த்தேன். எழுத்துகள் வந்தன. ஆனால் வந்த கோலத்தைப் பார்க்க வேண்டும்!

அன்று செவ்வாய்க்கிழமை. முதலெழுத்தான சகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய ஒற்றைக்கொம்பு, அதைத் தாண்டி அடுத்த வகரத்தின் முன்னால் போய் நின்றது. பார்க்கிறவர் ‘சவெ்வாய்’ என்றுதான் வாசிப்பார். காரணம் எளிது. கணினி கொம்பை மெய்யெழுத்துக்குப் பின்னால்தான் சேமித்து வைக்கிறது. திரையில் வரையும்போது அதை முன்னால் நகர்த்துவதற்கு எழுத்து வடிவமைக்கும் இயந்திரம் ஒன்று வேண்டும். பொலிபார் அந்த வேலையைச் செய்யாமல் வந்த ஒழுங்கிலேயே வரைந்துவிடுகிறது. வியாழன் ஒருவாறு தப்பிவிடும். செவ்வாயும் வெள்ளியும் அடிபடும். எங்கள் வீட்டில் மச்சம் சமைக்காத இரண்டு நாள்களும் பார்த்து இப்படி ஆவானேன் என்று அம்மா கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

ஐ3பார், எழுத்தை வடிவமைத்துத் தரும் பாங்கோ என்ற நிரலகத்தின் வழியாக வரைகிறது; ஆகவே அங்கே செவ்வாய் செவ்வாயாகவே நிற்கிறது. அதற்குச் செய்தி கொடுக்கும் ஐ3ஸ்டேட்டஸில் நேரக் கூறுக்கென்று மொழியைத் தனியாகக் குறிக்கலாம். மின்கலம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைக் காட்டும் ஆங்கிலக் குறிகளையும் மாற்றலாம்: நான் ‘ஏறுகிறது’, ‘இறங்குகிறது’, ‘நிறைந்தது’ என்று வைத்திருக்கிறேன். அழகு போனாலும் போகட்டும் என்று பொலிபாரைக் கழற்றிவிட்டேன்.

இவ்வளவையும் தமிழில் ஒரு வழிகாட்டியாக எழுதலாம் என்று உட்கார்ந்தபோது இரண்டாவது வாக்கியத்திலேயே முட்டிக்கொண்டேன். இந்தப் பொருளின் பெயர் என்ன?

நிலைப்பட்டை போதாதா என்று மட்டக்களப்பு நண்பர் கேட்கிறார். அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. எழுத்துச் செயலியின் சாளரத்தில் அடியில் பக்க எண்ணையும் சொல் எண்ணிக்கையையும் காட்டும் கீற்றை நிலைப்பட்டை என்று நெடுங்காலமாக எழுதி வருகிறோம். அது சாளரத்தின் உறுப்பு. சாளரத்தை மூடினால் போய்விடும். நான் சொல்வது திரையின் உறுப்பு; எல்லாச் சாளரங்களையும் மூடினாலும் நிற்கும். ‘நிலைப்பட்டையை மேலே நகர்த்துங்கள்’ என்று வழிகாட்டியில் எழுதினால், வாசிக்கிறவர் எதைத் தேடுவார்? ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்துச் சமாளிக்கிறது என்பதற்காக நாமும் ஏன் அந்தக் குழப்பத்தைச் சுமக்க வேண்டும்?

இன்னொன்று, ‘நிலை’ என்ற பாதியிலும் எனக்கு மனம் ஒட்டவில்லை. ஐ3ஸ்டேட்டஸ் இயல்பாக ஐந்து விநாடிக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பிக்கிறது. ஐந்து விநாடிதான் நிற்கும் என்றால் அது என்ன நிலை? வானொலியில் சந்தை நிலவரம், போக்குவரத்து நிலவரம் என்று சொல்கிறார்கள். வாசித்த நேரத்துக்கு மட்டும் மெய்யான செய்தி அது. மின்கலத்தின் வீதமும் அப்படிப்பட்டதே. ஆகவே முதற்பாதி ‘நிலவரம்’. இதில் நம்மில் நாலு பேர் ஒத்துப்போய்விட்டோம் என்று நினைக்கிறேன்.

மற்றப் பரிந்துரைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பணிப்பட்டையில் திறந்திருக்கும் பணிகள் தெரிய வேண்டும், இதில் தெரிவதில்லை. பலகம் என்றால் எங்கள் பக்கத்தில் பலகை என்று திருத்துவார்கள். தகவற்பட்டை எதற்கும் பொருந்தும், அதுதான் அதன் குறை.

‘பட்டை’ என்ற பிற்பாதிதான் எனக்குப் பெரிய மனத்தாங்கல். கருவிப்பட்டை, பணிப்பட்டை, தலைப்புப்பட்டை, உருள்பட்டை, பட்டிப்பட்டை. கடைசிச் சொல்லை வன்னியில் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள், மாடு அடைக்கிற இடத்தைத்தான் நினைப்பார். ஒரு திரையில் நிலைப்பட்டையோடு ஆறு பட்டைகள் இருக்கும்போது ஏழாவதாக ஒன்றைச் சேர்த்தால் யாருக்கு நினைவிருக்கும்?

போன மாதம் அம்மாவுடன் காலி வீதியில் ஒரு சேலைக் கடையில் ஒன்றரை மணித்தியாலம் இருந்தேன். கடைக்காரர் தட்டிலிருந்து சேலைகளை உருவி மேசையில் போட்டுக்கொண்டே இருந்தார். அம்மா ஒன்றையும் முழுதாக விரிக்கச் சொல்லவில்லை. மடிப்பின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பி, ‘கரை ஒடுக்கம்’, ‘கரை நல்லது, உடல் சரியில்லை’ என்று தள்ளிக்கொண்டு போனார். ஓரம் நெடுகப் போகும் கீற்று, உடலிலிருந்து நிறத்தால் வேறுபட்டது, உடலை மறைக்காதது, அகலம் கூட்டலாம் குறைக்கலாம், மேற்கரையும் உண்டு கீழ்க்கரையும் உண்டு. என் திரையில் 24 படப்புள்ளி உயரத்தில் நிற்பதும் இதுவேதானே?

ஆகவே என் பரிந்துரை: நிலவரக்கரை. வழிகாட்டியில் ஒருமுறை முழுதாகச் சொன்ன பிறகு, வெறும் ‘கரை’. கரையை மேலே வை, கரையின் நிறத்தை மாற்று, இரண்டாவது திரைக்கு வேறு கரை வை. எழுதிப் பார்த்தேன், வாக்கியம் தடக்கவில்லை.

முதலில் எனக்கு ‘திரைக்கரை’ என்றுதான் தோன்றியது என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். திரை என்றால் அலையும்தான். வெள்ளவத்தையில் என் யன்னலுக்கு அப்பால் கரையோரப் புகையிரதப் பாதை, அதற்கப்பால் கடல். இந்தச் சொல் தோன்றாமல் இருந்தால்தான் அதிசயம். இரண்டு நாள் அதைக் காதலித்துவிட்டுக் கைவிட்டேன். கடலைப் பற்றிய கவிதைக்கு நல்ல சொல். மின்கலம் எத்தனை வீதம் என்று பார்க்க வருகிறவருக்கு அது எதையும் சொல்லாது.

கூறு, உள்ளமைவு போன்ற மற்றச் சொற்களில் எனக்கு வழக்கு இல்லை. உங்கள் கருத்தை எழுதுங்கள்.

வெள்ளவத்தையிலிருந்து

*

தம்பிக்கு,

நிலவரம் நல்ல தெரிவு. கரையில் எனக்கு மூன்று ஆட்சேபங்கள்.

முதலாவது, நீர் சொல்கிற அதே ஐ3இன் அமைப்புக் கோப்பில் சாளரத்தைச் சுற்றிக் கோடு போடுவதற்கும் ஓர் ஆணை இருக்கிறது. பொலிபாரிலும் பட்டையைச் சுற்றி அப்படிக் கோடு போடலாம். அதை என்னவென்று மொழிபெயர்ப்பீர்? என்னைக் கேட்டால் அதுதான் கரை.

இரண்டாவது, நீர் செவ்வாய்க்கு அழுகிறீர், உம்முடைய சொல்லிலேயே ஐகாரம் இருக்கிறது. பொலிபாரில் ‘கரை’ என்று எழுதினால் அதன் கொம்பும் ரகரத்துக்குப் பின்னால்தான் போய் நிற்கும். தன் பெயரையே தன்மேல் எழுத முடியாத பொருளுக்கா இந்தப் பெயர்?

மூன்றாவது, கரை என்றவுடன் நம்மவர் கரைச்சல், அதாவது தொல்லை, என்பார்கள். பகிடியாகச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் கலைச்சொல் அகராதிகளில் எத்தனை நல்ல சொற்கள் மாணவர் வாயில் பகிடியாகி அழிந்தன என்று படிப்பித்தவனுக்குத் தெரியும்.

யாழ்ப்பாணத்திலிருந்து

*

மதிப்புக்குரிய ஐயா,

முதலாவது ஆட்சேபம் கனமானது. நேற்று முழுவதும் அதோடுதான் இருந்தேன். ஐ3இன் அமைப்புக் கோப்பை முதலிலிருந்து கடைசிவரை தமிழில் சொல்லிப் பார்த்தேன். சாளரத்தைச் சுற்றியுள்ள கோட்டுக்கு ‘விளிம்பு’ என்று வைத்தால் மோதவில்லை. விளிம்பு நாலு பக்கமும் சுற்றி வரும். சேலையைப் போலவே கரை நெடுக மட்டும் போகும். ‘கரையின் விளிம்பு இரண்டு படப்புள்ளி’ என்று எழுதினாலும் குழம்பவில்லை. ஆனால் ‘கரை’ என்று தனியாக நின்றால் குழம்பக்கூடும் என்பதை ஏற்கிறேன். நம் கலைச்சொல் அட்டவணையில் ‘நிலவரக்கரை’ மட்டும் இருக்கட்டும். குறுக்கம் வழிகாட்டிக்குள்ளேயே, முழுப்பெயர் வந்த பத்திக்குப் பிறகு மட்டும்.

இரண்டாவதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன், பிறகு எழுதியும் பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே கொம்பு தெறித்துப் போய் நின்றது. ஆனால் ஐயா, அந்த அளவுகோலை வைத்தால் நிலைப்பட்டை இரண்டு இடத்தில் உடையும். வெள்ளி, செவ்வாய், கொழும்பு, மட்டக்களப்பு எல்லாவற்றையும் கைவிட வேண்டும். ‘கு’வும் ‘டு’வும்கூட அங்கே ஒட்டாமல் தனித்தனியாகத்தான் நிற்கின்றன. வழிகாட்டியில் பொலிபாரைப் பற்றிய பகுதியின் தலையிலேயே, தமிழ் காட்ட வேண்டுமென்றால் இதை எடுக்காதீர்கள் என்று எழுதிவிடுகிறேன்.

கரைச்சலுக்கு என்னிடம் மருந்து இல்லை. அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் இரண்டு பெயரையும் எடுக்கவில்லை, ‘அந்த மேலே நிற்கிறது’ என்றுதான் சொல்கிறார். பகிடி பண்ணவும் இல்லை.

வேறு மறுப்பு வராவிட்டால் ஞாயிறன்று இப்படி அட்டவணையில் சேர்க்கிறேன்: நிலவரக்கரை – திரையின் மேல் அல்லது கீழ் ஓரத்தில் நேரம், மின்கலம், இணைப்பு முதலியவற்றின் அவ்வப்போதைய நிலவரத்தைக் காட்டும் கீற்று. சாளரத்துக்குள் இருப்பது நிலைப்பட்டை.

ஒரு சிறு உதவி வேண்டும். பொலிபாரும் ஐ3உம் எக்ஸ் சாளர முறைமையில் ஓடுபவை. அதற்கு மாற்றாக வந்த வேலண்டுக்கு மாறியவர்கள், சுவே என்ற சாளர மேலாளரில் வேபார் என்ற பட்டையை வைத்திருப்பீர்கள். அது ஜிடிகே என்ற வரைகலை நிரலகத்தின் வழியாக எழுத்தை வரைவதால் தமிழ் ஒழுங்காக வரும். வழிகாட்டியில் போடுவதற்குத் திரைப்பிடிப்பு ஒன்று யாராவது அனுப்ப முடியுமா? செவ்வாய்க்கிழமை எடுத்ததாக இருந்தால் நல்லது.

வெள்ளவத்தையிலிருந்து