ஏற்காடு ஏறும்போது மட்டும் ஆக்சிஜன் சென்சார் எரர், சென்சார் மாற்றியும் போகவில்லை

அஸ்தம்பட்டி_ஹேட்ச்பேக்:
பத்து வருடத்துக்கு மேலான பெட்ரோல் வண்டி. டவுனுக்குள் எவ்வளவு ஓட்டினாலும் ஒன்றும் இல்லை, ஆனால் அடிவாரம் தாண்டி ஏழெட்டு கொண்டை ஊசி வளைவு ஏறினால் இன்ஜின் லைட் வந்துவிடுகிறது. வேலை விஷயமாக வாரம் மூன்று முறை ஏற வேண்டியிருக்கிறது. ஸ்கேனரில் பி0131, அதாவது புகைக் குழாயில் இருக்கிற முன் ஆக்சிஜன் சென்சாரின் வோல்டேஜ் குறைவு. மெக்கானிக் சொன்னபடி நாலாயிரம் ரூபாய்க்குப் பக்கம் கொடுத்து சென்சாரை மாற்றியாயிற்று, மறுபடியும் அதே எரர் கோடு (code). மைலேஜ் குறைகிறது, சைலன்சர் வாயில் விரலை வைத்தால் கரி. இப்போது ஈசியூவை (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) கழற்ற வேண்டும் என்கிறார். கழற்றலாமா?

ஒண்டிக்கடை_டிரைவர்:
மேலே 1,500 மீட்டர் உயரம் அண்ணா, காற்று லேசு, அதனால் வரும். எரர் கோடை அழித்துவிட்டு ஓட்டுங்கள்.

கோரிமேடு_வயரிங்:
இது கார்புரேட்டர் காலத்துப் பேச்சு. அதிலும் காற்று லேசானால் பெட்ரோல்தான் அதிகமாகும், லீன் (காற்றுக்குப் பெட்ரோல் குறைவு, அதைத்தான் குறைந்த வோல்டேஜ் காட்டும்) ஆகாது. இன்ஜெக்‌ஷன் வண்டியில் அதை மேப் சென்சார் (காற்றழுத்தம் அளப்பது) பார்த்துச் சரிசெய்துவிடும்.

கரி படிகிறதே, அதைப் பாருங்கள். உண்மையிலேயே லீனாக ஓடினால் கரி வராது. சிக்னல் பொய்யாகக் குறைவதால் ஈசியூ லீன் என்று நம்பி பெட்ரோலை ஊற்றுகிறது. ஈசியூவைத் தொட வேண்டாம்.

நல்ல சென்சார் என்றால் சூடான பிறகு 0.1க்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவே மாறி மாறி ஓட வேண்டும். பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து ஸ்கேனர் கிராஃபைப் பார்க்கச் சொல்லுங்கள், நீங்கள் ரோட்டைப் பாருங்கள். இரண்டாவது கியரில் முழுதாக மிதித்து ஏறும்போது 0.8க்கு மேல் நிற்க வேண்டும், இறக்கத்தில் கியரில் காலை எடுத்தால் பெட்ரோல் கட்டாகி பூஜ்யத்துக்குப் பக்கம் போகும், அது சரிதான். முழுதாக மிதிக்கும்போதும் பூஜ்யம் என்றால் சிக்னல் ஒயர் எங்கோ பாடியில் உரசுகிறது. புது சென்சாரோடு வந்த ஒயர் புதுசு, கனெக்டருக்கு அப்புறம் வண்டிப் பக்கம் போகிற ஒயர் பழையதுதானே. ஏற்றத்தில் இன்ஜின் மவுண்டிங்கில் சாய்கிறது, அப்போது இழுபடும். வண்டியை ஐடிலில் (ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் ஓடும் நிலை) விட்டு அந்த ஒயரை மரக்குச்சியால் அசைத்துப் பாருங்கள், மேனிஃபோல்டு (இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் சூடான குழாய்) பக்கம் கை வைக்காதீர்கள்.

செவ்வாய்ப்பேட்டை_பழையவண்டி:
சென்சாருக்கு முன்னால் மேனிஃபோல்டு கேஸ்கெட் லீக் இருந்தாலும் வெளிக்காற்று புகுந்து லீன் காட்டும். ஆனால் அது ஐடிலில்தான் அதிகம் தெரியும், காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் சத்தம் வரும். உங்களுக்கு டவுனில் தொந்தரவு இல்லையே, நானும் ஒயர் பக்கம்தான்.

அஸ்தம்பட்டி_ஹேட்ச்பேக்:
நேற்று மச்சானை உட்காரவைத்து ஏறினேன். ஆறாவது வளைவு வரை 0.85, வளைவில் முறுக்கியதும் ஒரே நேர்கோடாகப் பூஜ்யம், நேரானதும் திரும்பி வந்தது. இறங்கி வந்து குச்சியால் அசைத்தால் ஐடிலிலும் விழுகிறது. ஹீட் ஷீல்டு மேல் சாய்ந்து ஒயர் தோல் உருகி, ஒரு இழை பிராக்கெட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. பிடிக்கிற கிளிப்பையே காணோம், எப்போதோ கழற்றியவர்கள் போடவில்லை. ஒயரை ஒட்டுப்போட்டு ஸ்லீவ் மாட்டி தள்ளிக் கட்டியாயிற்று, செலவு 150. இன்று இரண்டு முறை ஏறி இறங்கினேன், லைட் வரவில்லை. பழைய சென்சார் டிக்கியில் கிடக்கிறது.

கோரிமேடு_வயரிங்:
அதை எறியாதீர்கள், ஒருவேளை நல்ல நிலையில் இருக்கும். எரர் கோடை அழித்து ஃபியூயல் டிரிம்மையும் (ஈசியூ பழகி வைத்திருக்கிற பெட்ரோல் திருத்த அளவு) ரீசெட் செய்யுங்கள், இல்லாவிட்டால் கொஞ்ச நாள் அதிகமாகவே குடிக்கும்.