பனியாறு எங்கிருந்து வந்தது என்று ஒரு மணல்மணி சொல்லுமா?

கல்லுளி: நிலவியல் எனக்குப் பொழுதுபோக்குதான், முறையாகப் படித்ததில்லை. 30 கோடி ஆண்டுகளுக்கு முன் கோண்ட்வானாவில் (இன்றைய தென் கண்டங்களும் இந்தியாவும் ஒன்றாக ஒட்டியிருந்த பெருங்கண்டம்) பனியாறுகள் எங்கிருந்து கிளம்பின என்பதைப் படிவுப்பாறையில் கிடக்கும் சிர்க்கான் என்ற கனிமத்தின் மணிகளை வைத்துச் சொல்கிறார்களாம். பாறைமேல் பனி போட்ட கீறல்தான் இருக்கிறதே, அது போதாதா?

ஆழ்துளை: கீறல் நல்ல சாட்சிதான், ஆனால் அது ஒரு கோடு. எந்த முனையிலிருந்து எந்த முனைக்கு என்பதில் பல சமயம் குழப்பம் வரும், அதோடு பிறகு வந்த பனி பழைய கீறலைத் தேய்த்துவிடும். சிர்க்கான் உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே சேர்க்கும், ஈயத்தை ஏறக்குறைய சேர்க்கவே சேர்க்காது. அப்படியானால் இன்று உள்ளே இருக்கும் ஈயம் யுரேனியம் சிதைந்து வந்தது. யுரேனியம் 238 பாதியாகக் குறைய சுமார் 447 கோடி ஆண்டு ஆகும், அதனால் எவ்வளவு பழைய மணிக்கும் வயது சொல்லலாம். ஒரு கல்லை உடைத்து நூறு மணிகளை எடுத்து ஒவ்வொன்றிலும் லேசரால் குழி போட்டு அளப்பார்கள், வயதுகள் கொத்துக்கொத்தாக விழும், எந்த மலைத்தொடரின் பாறைகளோடு அந்தக் கொத்து பொருந்துகிறது என்று பார்க்க வேண்டியதுதான். அடுக்கில் மேலே போகப் போகக் கொத்து மாறினால் பனி வேறு இடத்தைச் சுரண்ட ஆரம்பித்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். வடமேற்கு நமீபியாவின் சில பள்ளத்தாக்குகள் அன்று பனி குடைந்தவை. அந்தப் பனி மேற்கே, இன்றைய பிரேசில் பக்கம் போனது. நடுவே அப்போது அட்லாண்டிக் ஏது!

மண்வாரி: சரி, ஆனால் சிர்க்கானை மட்டும் நம்பி இறங்காதீர்கள். அது சாகாத ஜென்மம். ஒரு கிரானைட்டில் பிறந்து, மணற்கல்லாகி, அந்த மணற்கல்லைப் பனி சுரண்டியிருந்தாலும் மணி தன் பிறந்த வயதைத்தான் சொல்லும், நடுவில் எங்கே தங்கியது என்று வாய் திறக்காது. நான் முதலில் கூழாங்கல்லைத்தான் பார்ப்பேன். பனி இழுத்த கல்லுக்கு இஸ்திரிப் பெட்டி மாதிரி ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருக்கும், மேலே இணையான கீறல்கள். அது சுண்ணாம்புக்கல்லாக இருந்தால் இன்னும் நல்லது, அது ஆற்றில் நீண்ட தூரம் உருண்டு பிழைக்காது.

கடலடி: சுண்ணாம்பு என்றதும் ஹைன்ரிக் அடுக்குகள் ஞாபகம் வருகின்றன. 1988இல் ஹார்ட்முட் ஹைன்ரிக் வட அட்லாண்டிக் சேற்றில் பார்த்த, கடைசிப் பனியுகத்தின் கரடுமுரடான அடுக்குகள். கடல் நடுவே இந்தக் கற்பொடிக்கு என்ன வேலை? மிதக்கும் பனிப்பாறைகள் உருகிக் கொட்டியதுதான். பல அடுக்குகளில் உள்ள சுண்ணாம்பு, டோலமைட் (சுண்ணாம்புக்கல் போன்ற கனிமம்) துகள்கள் கனடாவின் ஹட்சன் நீரிணைப் பக்கத்தைக் காட்டின. வட அமெரிக்கப் பனிப்பாளம் அந்த வழியாகத் திரும்பத் திரும்ப உடைந்து கொட்டியது அப்படித்தான் தெரிந்தது.

கல்லுளி: அருமை. ஆனால் சேற்றுச்சரிவும் பெரிசும் சிறிசுமாகக் கற்களைக் கலந்து போடுமே?

மண்வாரி: போடும், அதில் ஏமாந்தவர்கள் நிறைய. மெல்லிய வண்டல் வரிகளுக்கு நடுவே ஒற்றைக் கல் உட்கார்ந்து, அடியில் உள்ள வரிகளை வளைத்து அழுத்தியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்தக் கல் பெரும்பாலும் மிதந்த பனியிலிருந்து மேலேயிருந்து விழுந்தது, சரிவில் உருண்டு வந்ததல்ல.