மறு: டிப்ஸ்டிக்குக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம் நண்பர்களே,

பைக் பராமரிப்புக் கையேட்டுச் சொற்பட்டியலில் இரண்டு சொற்கள் இன்னும் முடிவாகவில்லை. ஒன்று டிப்ஸ்டிக், அதாவது எஞ்சினில் ஆயில் எதுவரை நிற்கிறது என்று முக்கிப் பார்க்கும் குச்சி. இன்னொன்று, அந்தக் குச்சி காட்டும் ஆயில் லெவல். முதலாவதற்குப் பரிந்துரைகள் குவிந்துவிட்டன. இரண்டாவதற்கு ‘எண்ணெய் அளவு’ என்று போட்டுவிட்டு எல்லோரும் நகர்ந்துவிட்டோம். எனக்கு உறுத்துவது அதுதான்.

> லெவல் என்றால் அளவுதானே, இதில் என்ன குழப்பம்?

இருக்கிறது ஐயா. அளவு என்றால் எவ்வளவு இருக்கிறது என்பது. மட்டம் என்றால் எதுவரை நிற்கிறது என்பது. மேட்டூர் அணை நிரம்பினால் நாளிதழில் நீர்மட்டம் 120 அடி, நீர் இருப்பு 93.47 டி.எம்.சி. என்று இரண்டையும் தனித்தனியாகத்தான் போடுகிறார்கள். எஞ்சினில் குச்சி காட்டுவதும் மட்டம்தான். எத்தனை மில்லி இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

ஸ்பிளெண்டரில் ஆயில் மூடி வலப்பக்கம் இருக்கிறது. சைடு ஸ்டாண்டில் நிறுத்தினால் வண்டி இடப்பக்கம் சாயும், ஆயிலும் அந்தப் பக்கம் ஒதுங்கும், குச்சி குறைவாகக் காட்டும். உள்ளே ஒரு சொட்டுகூடக் குறைந்திருக்காது. ‘எண்ணெய் அளவு குறைந்தால் ஊற்றவும்’ என்று நாம் எழுதி வைத்தால், படிப்பவர் டப்பாவைத் திறந்துவிடுவார். கூடிப்போன ஆயிலை, எஞ்சினுக்குள் சுழலும் தண்டான கிராங்க் அடித்து நுரையாக்கும். எஞ்சின் மூச்சுவிடும் பிரீதர் குழாய் வழியே அது ஏர் ஃபில்டருக்குப் போய்ச் சேரும். நுரைத்த ஆயிலைப் பம்ப் சரியாகத் தள்ளவும் முடியாது.

திருவொற்றியூரில் செய்த பழைய வார்ப்பிரும்பு புல்லட் இதைவிட நல்ல சாட்சி. அதில் ஆயில் தனி அறையில் இருக்கும். ஒரு பம்ப் அங்கிருந்து எஞ்சினுக்கு அனுப்பும், இன்னொன்று கீழே வடிந்ததைத் திருப்பி அறைக்கே ஏற்றும். வண்டி பல நாள் சும்மா நின்றால் ஆயில் மெல்லக் கசிந்து கிராங்க் பக்கம் இறங்கிவிடும். அறையில் மட்டம் குறையும். அப்போது குச்சியை எடுத்துப் பார்ப்பவர், ‘வண்டி ஆயில் குடிக்குது’ என்று முடிவு கட்டி இன்னும் கொஞ்சம் ஊற்றுவார். ஸ்டார்ட் செய்ததும் இறங்கிய ஆயில் அறைக்கே திரும்பும், மிஞ்சியது வெளியே வழியும். மொத்த அளவு முதலிலிருந்தே சரியாகத்தான் இருந்தது. அதனால்தான் அந்த வண்டியை ஓடவிட்டு நிறுத்திய பிறகு பார்க்கச் சொல்வார்கள்.

ஆகவே என் பரிந்துரை: லெவல் வரும் இடத்தில் எண்ணெய் மட்டம், லிட்டர், மில்லி வரும் இடத்தில் எண்ணெய் அளவு, எஞ்சின் மொத்தம் எவ்வளவு பிடிக்கும் என்பதற்குக் கொள்ளளவு. வடித்துவிட்டு ஊற்றும்போது கொள்ளளவு முழுவதையும் ஊற்றக் கூடாது, பழைய ஆயில் கொஞ்சம் உள்ளேயே ஒட்டியிருக்கும் என்று கையேட்டில் எழுதவும் இந்தப் பிரிப்பு உதவும்.

> எண்ணெய் மட்டம் என்றால் மட்டமான எண்ணெய் என்று படிக்க மாட்டார்களா?

கடல்மட்டம் என்று பள்ளியிலேயே படித்தவர்கள்தானே நாம்! யாரும் கடலைக் குறைசொன்னதாக நினைக்கவில்லை.

சரி, குச்சிக்கு வருவோம். ‘அளவுகோல்’ எனக்குச் சரிப்படவில்லை. பள்ளிப் பிள்ளைகளின் பென்சில் டப்பாவில் ஏற்கெனவே அந்தப் பெயரில் ஒன்று இருக்கிறது. ‘மட்டக்கோல்’ நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கட்டட வேலையில் மட்டம் பார்க்கும் கருவிகளோடு குழம்பும், இலங்கையில் அடிமட்டம் என்றாலே ரூலர். ‘முக்குக்குச்சி’ சொன்ன தம்பிக்கு என் பாராட்டு, பொருள் மிகச் சரி. ஆனால் அச்சில் வந்தால் நாலு பேர் சிரிப்பார்கள்.

நான் ‘தோய்கோல்’ பக்கம் நிற்கிறேன். எழுதுகோல், ஊன்றுகோல், திறவுகோல் என்ற வரிசையில் இயல்பாக உட்காருகிறது. வினைத்தொகை என்பதால் நடுவில் ஒற்று மிகாது. ‘தோய்க்கோல்’ என்று எழுதிய இரண்டு மடல்களையும் திருத்திக்கொள்ளலாம். காரில், ஜெனரேட்டரில், லாரியில் இருக்கும் குச்சிக்கும் இதே சொல் போதும்.

ஆனால் எல்லா பைக்கிலும் குச்சி இல்லை. 2009இல் வந்த கிளாசிக் முதல் ராயல் என்ஃபீல்டுகளிலும் பல பல்சர்களிலும் எஞ்சினின் பக்கவாட்டில் வட்டக் கண்ணாடிதான். அங்கே எதையும் தோய்ப்பதில்லை. அதற்கு ‘மட்டக்கண்ணாடி’ என்று வைத்தால், மட்டம் என்ற சொல் இரண்டு கருவிகளுக்கும் பொதுவாக நிற்கும். ‘பார்வைச் சாளரம்’ வேண்டவே வேண்டாம், அரண்மனை ஞாபகம் வருகிறது.

சொற்களை வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்:

“எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்தவும். சமதரையில் சென்டர் ஸ்டாண்ட் போட்டு இரண்டு மூன்று நிமிடம் பொறுக்கவும். தோய்கோலைக் கழற்றித் துடைத்து, மறுபடி திருகாமல் துளையில் வைத்து எடுக்கவும். எண்ணெய் மட்டம் மேல்வரைக்கும் கீழ்வரைக்கும் நடுவே இருக்க வேண்டும்.”

‘திருகாமல்’ என்பது ஸ்பிளெண்டருக்குப் பொருந்தும். முழுக்கத் திருகிய பிறகே பார்க்க வேண்டிய வண்டிகளும் உண்டு, அதனால் அந்த வரியில் அடைப்புக்குறிக்குள் ‘உங்கள் வண்டியின் கையேட்டைப் பார்க்கவும்’ என்று சேர்த்துவிடலாம். சென்டர் ஸ்டாண்ட் என்ற சொல்லை நான் வேண்டுமென்றே தமிழாக்கவில்லை.

‘வரை’ என்பதைக் கோடு என்ற பொருளில் போட்டிருக்கிறேன். ‘வரைக்கும்’ என்பதோடு மோதுகிறது என்று தோன்றினால் மேல்கோடு, கீழ்கோடு என்றே வைத்துக்கொள்வோம், எனக்கு மறுப்பில்லை. ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்லும் 10டபிள்யூ-30, 20டபிள்யூ-50 வரும் பாகுநிலைப் பகுதியைத் தனி இழையில் பேசலாம். அங்கே பாகுமை, பிசுக்குமை என்று ஏற்கெனவே ஒரு சண்டை காத்திருக்கிறது.