கீரி கடித்த செவலைக் கோழி

எங்கள் ஊர் புதுக்கோட்டைப் பக்கம். வீட்டுக்குப் பின்னால் வைக்கோல் போர், அதை ஒட்டிக் கருவேலங்காடு. பதினொரு நாட்டுக்கோழி வைத்திருக்கிறேன். போன ஐப்பசியில் நடந்தது இது. இதேபோல் தவித்து நிற்கும் யாருக்காவது உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

மத்தியானம் இரண்டு மணி இருக்கும். சேவல் கத்திய கத்தலைக் கேட்டு ஓடினேன். ஒரு கீரி செவலையின் முதுகைக் கவ்வி வேலிப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. விளக்குமாற்றை வீசியதும் விட்டுவிட்டு ஓடியது. செவலை இறக்கையை விரித்தபடி அப்படியே கிடந்தது. கண் மட்டும் திறந்திருந்தது. மாமியார் பார்த்துவிட்டு, "உசுரு இருக்கும்போதே அறுத்துடு தாயி" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை, ஊரில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் நான்கு தடவை அடை உட்கார்ந்து குஞ்சு பொரித்துக் கொடுத்த கோழி. எனக்கு மனசு வரவில்லை.

முதலில் மஞ்சள்தூளை வைத்து வேட்டித் துணியால் அழுத்திப் பிடித்தேன், ரத்தம் நின்றது. அப்புறம் ஒரு அட்டைப்பெட்டியில் பழைய சேலையை விரித்துப் படுக்கவைத்து, இருட்டு அறையில் வைத்தேன். கோழியின் உடம்புச் சூடு இயல்பாகவே 41 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும், நம்மைவிட அதிகம். பயந்து, ரத்தம் போன கோழி சட்டென்று சில்லிட்டுப் போகும். செவலையின் கால் சில்லென்று இருந்தது. பெட்டிக்கு ஒரு பக்கமாக ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டேன். ஒரு மணி நேரம் யாரையும் அந்தப் பக்கம் போகவிடவில்லை.

தண்ணீர் கொடுக்கும்போது வாயைப் பிளந்து ஊற்றிவிடாதீர்கள். நாக்குக்குப் பின்னாலேயே மூச்சுக்குழலின் வாய் இருக்கிறது, புரையேறினால் அதோடு போய்விடும். அலகின் ஓரத்தில் சர்க்கரைத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். நாலாவது சொட்டில் தானாகவே கழுத்தைத் தூக்கி விழுங்கியது. அப்போதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

சாயங்காலம் காயத்தைச் சுற்றி இருந்த இறகைக் கத்தரியால் ஒட்ட வெட்டினேன். பிடுங்கக்கூடாது, தோல் கூடவே கிழியும். உள்ளங்கை அகலத்துக்கு முதுகுத் தோல் உரிந்து சதை தெரிந்தது. கொதித்து ஆறிய தண்ணீரில் லிட்டருக்கு இரண்டு சின்ன ஸ்பூன் உப்புப் போட்டுக் கழுவி, பெட்டாடினைத் தேத்தண்ணீர் நிறத்துக்குக் கலந்து தடவினேன். மறுநாள் கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிப் போனோம். டாக்டர் எடை போட்டுப் பார்த்து, 1 கிலோ 400 கிராமுக்குத் தக்கபடி ஐந்து நாளைக்கு மருந்து கொடுத்தார். அது முடியும் வரைக்கும், முடிந்த பிறகும் சில நாளைக்கும் முட்டையைச் சாப்பிட வேண்டாம் என்றார். மேலே பூச, குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி ஒவ்வொரு கைப்பிடி, பூண்டு பத்துப் பல், கொஞ்சம் மஞ்சள் எல்லாவற்றையும் அரைத்து அரை லிட்டர் தேங்காய் எண்ணெயில் காய்ச்சச் சொன்னார்.

நான் தவறவிட்ட இடம் இனிமேல்தான். முதுகுக் காயம் காய்ந்து வருகிறது, ஆனால் மூன்றாம் நாள் பெட்டியைத் திறந்ததும் ஒரு வாடை. வீட்டுக்காரர் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொள்ள, டார்ச் அடித்து வாலுக்குக் கீழே இறகை விலக்கினேன். மிளகு அளவுக்கு இரண்டு பல் துளை. அதற்குள் குருணை அரிசி மாதிரி வெள்ளையாகப் புழு நெளிந்தது. மேல்காயத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், உயிரை வாங்க இருந்ததோ இறகுக்குள் ஒளிந்திருந்தது. கண்ணீரே வந்துவிட்டது. ஊசி கழற்றிய சிரிஞ்சில் உப்புத் தண்ணீரை அடித்து அடித்து, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தேன். முப்பதுக்கு மேல் இருக்கும். சீத்தாப்பழ இலையை அரைத்து வைத்தேன். மறுநாள் இன்னும் நான்கைந்து வந்தன, அதோடு சரி. அன்றிலிருந்து பெட்டிக்கு மேல் கொசுவலை. கடிபட்ட கோழியை முதல் நாளே தலையிலிருந்து வால் வரை விரலால் தடவிப் பாருங்கள், தயவுசெய்து.

தீனியைத் தொடவே இல்லை. எச்சம் பச்சையாகப் போனது, வயிறு காலி என்று அர்த்தம். கம்பு, சோறு, குருணை எதையும் பார்க்கவில்லை. பையன் தோப்பிலிருந்து கரையான் மண்ணைக் கட்டியாகக் கொண்டுவந்து உடைத்துப் போட்டான். தலையைச் சாய்த்து ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு டொக்கென்று ஒரு கொத்து!

மூன்று வாரத்தில் புண் ஆறி, முள் முள்ளாகப் புது இறகு முளைத்தது. ஆனால் உடனே கூட்டத்தில் விட்டுவிட முடியாது. சிவப்பாகத் தெரியும் இடத்தை மற்ற கோழிகள் கொத்திக் கொத்தியே கொன்றுவிடும். ஒரு வாரம் முற்றத்தில் பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து அதற்குள் விட்டேன், வெளியே மற்றவை மேயட்டும் என்று. அப்புறம் ஒரு ராத்திரி இருட்டில் கூண்டுக்குள் விட்டேன். இரண்டு நாள் சண்டை இருந்தது. தை மாதம் மறுபடி முட்டையிட்டது.

*

அக்கா, வாலுக்குக் கீழே பார்க்கச் சொன்னீர்களே, அது நூற்றுக்கு நூறு சரி. எங்கள் கோழியை நாய் கவ்வி உதறிவிட்டது. வெளியே காயமே இல்லை, பிழைத்தது என்று விட்டுவிட்டோம். மறுநாள் பார்த்தால் கழுத்திலிருந்து நெஞ்சு வரை பலூன் மாதிரி ஊதியிருந்தது, தொட்டால் நறநறவென்றது. கோழிக்கு நுரையீரலோடு சேர்ந்து காற்றுப்பைகள் உண்டாம், அதில் ஒன்று கிழிந்து காற்று தோலுக்கடியில் வந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். அவரே ஊசியால் குத்திக் காற்றை எடுத்தார். மறுபடி ஊதியது, மறுபடி எடுத்தார். மூன்றாம் தடவைக்குப் பிறகு ஊதவில்லை. தூரத்தில் இருப்பவர்கள் கால்நடை உதவி எண் 1962க்கு அழைத்தும் கேட்கலாம்.

*

அக்கா, எங்கள் வெடைக்கோழி மேல் விறகுக்கட்டை விழுந்து கால் முறிந்துவிட்டது. டாக்டர் ஐஸ் குச்சி வைத்துக் கட்டியிருக்கிறார், மூன்று வாரம் இருக்கட்டும் என்றார். இன்று ஆறாம் நாள். நன்றாகத் தின்கிறது, ஆனால் கட்டுக்குக் கீழே விரல்கள் தடித்திருக்கின்றன. அப்படியே விடலாமா?

*

வேண்டாம் தம்பி, விடாதே. விரல் தடித்தாலோ சில்லிட்டாலோ கட்டு இறுகிவிட்டது என்று அர்த்தம், ரத்தம் ஓடாமல் காலே போய்விடும். இன்றைக்கே தூக்கிக்கொண்டு போய்த் தளர்த்திக் கட்டச் சொல். போகும்போது கூடையில் வைக்கோலை நிறையப் போட்டு, மேலே துணியால் மூடிக்கொண்டு போ, இருட்டாக இருந்தால் திமிறாது. போய் வந்து எப்படி இருக்கிறது என்று எழுது, பார்த்துக்கொண்டிருப்பேன்.