மீன் தொட்டிக்குள் அடிதடி: கண்ணை விட்டுப் போகாத ஒரு சண்டையைச் சொல்லுங்கள்

மூணடித்தொட்டி:
நான்கு ஏஞ்சல் மீனும் ஒரு ரூபாய்க் காசு அளவில் சேர்ந்து வாங்கியவை. சேர்ந்தே வளர்ந்தன. அதில் இரண்டு ஜோடி சேர்ந்து பில்டர் குழாயில் முட்டை வைத்ததும் மற்ற இரண்டுக்கும் தொட்டியில் இடமே இல்லாமல் போய்விட்டது. கடியை நிறையப் பார்த்துவிட்டேன், அது பழகிவிட்டது. மனதை அரிப்பது வேறு. சின்னது ஒன்று ஹீட்டருக்குப் பின்னால், மேல் மூலையில், தலை சாய்ந்து நின்றது. தீனி போட்டேன். ஒரு துண்டு அதன் வாய்க்கு நேரே இறங்கியது. கண் மட்டும் அந்தத் துண்டோடு கீழே போனது, உடம்பு அசையவில்லை. வயிறு ஒட்டிக் கிடந்தது, அப்படியும் வாயைத் திறக்கவில்லை. முட்டையை அந்த ஜோடியே தின்றுவிட்டது. ஆனாலும் விரட்டுவது நிற்கவில்லை. ஏன்?

வைகைக்கரை:
ஏஞ்சலாவது முட்டைக்காக அடிக்கிறது. டைகர் பார்ப் மீனுக்குக் காரணமே வேண்டாம். சாதுவான மீன் என்று சொல்லி மூன்று கொடுத்தார்கள். தொட்டியில் முத்து கௌராமி ஒன்று இருந்தது. அதற்கு அடியில் இரண்டு நூல் தொங்குமே, அதால்தான் கல், செடி, நாம் விரல் வைத்த கண்ணாடி என்று எல்லாவற்றையும் தடவிப் பார்க்கும். ஒரு பார்ப் பின்னாலிருந்து வந்து அந்த நூலைச் சேமியா உறிஞ்சுகிற மாதிரி உள்ளே இழுத்தது. அறுந்தே போய்விட்டது. கௌராமி எதிர்க்கவும் இல்லை, ஓடவும் இல்லை. மிச்சமிருந்த ஒற்றை நூலை முன்னால் நீட்டித் தடவிக்கொண்டே போனது. மறுநாள் அதுவும் இல்லை.
அப்புறம் பார்ப்பைப் பத்தாக்கினோம். கடியும் துரத்தலும் அவற்றுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. கௌராமிக்கு நூல் திரும்ப முளைத்தது, பழைய நீளம் மட்டும் வரவில்லை.

சுண்ணாம்புக்கல்:
வைகைக்கரை, மீனைக் கூட்டினால் சண்டை குறையும் என்று பொதுவாகச் சொல்லிவிடாதீர்கள். பார்ப் கூட்டமாக வாழ்கிற மீன், அதற்குச் சரி. இதைப் படித்துவிட்டு மூணடித்தொட்டி இன்னும் நான்கு ஏஞ்சலை மூன்றடியில் விட்டால் சண்டைக்கு முன்னால் மீன் கழிவிலிருந்து சேரும் அம்மோனியாவே கொன்றுவிடும்.
நான் வளர்ப்பது மலாவி ஏரி சிக்லிட், முட்டையை வாயிலேயே வைத்துப் பொரிக்கிற மீன். எங்கள் போர் தண்ணீர் கடினம், அதற்குத் தோதாக இருக்கிறது. வாய் நிறைய முட்டையோடு ஒரு பெண் மீன் கல் இடுக்கில் ஒதுங்கியிருந்தது. அதனால் தின்ன முடியாது, திருப்பிக் கடிக்கவும் முடியாது. ஆண் அதன் வாலை நார் நாராகக் கிழித்தது. கடைசிவரை அவள் வாயைத் திறக்கவில்லை. என் கதை அவ்வளவுதான்.
மூணடித்தொட்டி, உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். அடி வாங்குகிறதை விட்டுவிட்டு அடிக்கிறதை வெளியே எடுங்கள். ஒரு வாரம் தனியாக இருக்கட்டும். அதற்குள் உள்ளே கட்டை, கல், செடி எல்லாவற்றையும் இடம் மாற்றுங்கள். திரும்பி வருகிறபோது தன் எல்லை எதுவென்று அதற்குப் பிடிபடாது. விளக்கை அணைத்துவிட்டுத்தான் விட வேண்டும். ஏஞ்சல் உயரவாக்கில் வாழ்கிற மீன், தரையில் கல்லைக் குவித்துப் பயனில்லை. மேல்மட்டம் வரை வளர்கிற வாலிஸ்னேரியா செடி, செங்குத்தாக நிறுத்திய கட்டை, இவைதான் ஒன்றின் கண்ணிலிருந்து ஒன்றை மறைக்கும். தீனியை இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் போடுங்கள். ஹீட்டரை 26 டிகிரிக்கு இறக்குங்கள், சூடு கூடக்கூட முட்டை வைக்கும் வேகம் கூடும். முட்டை போனாலும் ஜோடி அடுத்த முட்டைக்கு இடத்தைக் காத்துக்கொண்டுதான் இருக்கும். ஜோடி நிலைத்துவிட்டது என்றால் நான் சொன்ன எதுவும் பலிக்காது, தனித் தொட்டிதான் வழி.

ராத்திரி விளக்கு:
விளக்கை அணைத்தால் அமைதி என்று நம்பிவிடாதீர்கள் சார். எங்கள் வீட்டில் எல்லாம் நடந்ததே அணைத்த பிறகுதான். கோல்டு ஃபிஷ்ஷின் விலாவில் தினமும் காலையில் வெள்ளைத் திட்டு. பூஞ்சை என்றார்கள். மருந்து போட்டோம், கல் உப்பு போட்டோம். தண்ணீர் குடிக்க எழுந்த என் பெண் செல்போன் வெளிச்சத்தை அடித்துவிட்டு, "அப்பா, சக்கர் அது மேலயே ஒட்டிக்கிட்டு இருக்கு" என்று கத்தினாள். போய்ப் பார்த்தேன். பாசி தின்னும் என்று வைத்திருந்த சாண் நீள சக்கர் மீன், வெளிச்சம் பட்டும் விடவில்லை. கோல்டு ஃபிஷ் அதையும் இழுத்துக்கொண்டு நீந்தியது.
குட்டியாக இருக்கும்போதுதான் பாசியை அதிகமாகத் தின்னும். ஒரு அடிக்கு மேலும் வளரும் மீன் அது. மற்ற மீனின் மேல் இருக்கும் வழவழப்பை ஒருமுறை ருசி பார்த்தால் அப்புறம் அதையே தேடும். கடையில் திருப்பிக் கொடுத்தேன். தயவுசெய்து யாரும் ஏரியில் விட்டுவிடாதீர்கள், ஏற்கெனவே நம் ஏரிகளில் பெருகி மீனவர் வலையைக் கிழிக்கிறது.

வைகைக்கரை:
ஏஞ்சல் வாங்கச் சொல்லி நான் எங்கே சொன்னேன்? பார்ப்பைப் பற்றித்தான் சொன்னேன். எங்கள் தொட்டி நான்கடி, பில்டரும் பெரியது.

மூணடித்தொட்டி:
சுண்ணாம்புக்கல் சார், அடிக்கிறதை எடுத்துப் பார்த்தேன். ஜோடியில் மிஞ்சியது அந்த வேலையை எடுத்துக்கொண்டது. முன்பு அது விரட்டியதே கிடையாது. அதனால் சின்னதை பிளாஸ்டிக் டப்பில் பஞ்சு பில்டரோடு போட்டேன், நேற்று இரவு கொசுப்புழு தின்றது. ஜோடியை நிரந்தரமாகப் பிரித்து வைக்க இரண்டடித் தொட்டி, 18 அங்குல உயரம், போதுமா? ஏஞ்சல் ஜோடி வைத்திருப்பவர்கள் மட்டும் சொல்லுங்கள்.