சாட்சியின் நினைவு பிறழ்ந்தால் பாத்திரத்தின் நோக்கம் என்ன ஆகும்?

குலசேகரம் கதைசொல்லி:
நான் எழுதிவரும் குற்றப் படத்தில், ரப்பர் தோட்டம் ஒன்றில் விடியலுக்கு முன் நடந்த கொலைக்கு மரப்பட்டையைச் சீவி ரப்பர் பால் எடுக்கும் முதிய பால்வெட்டுத் தொழிலாளி ஒருவரே சாட்சி. காவல் நிலையத்தில் சொன்னதை அவர் நீதிமன்றத்தில் மாற்றிச் சொல்கிறார். பணத்துக்காகவோ பயந்தோ அல்ல, மாறிப்போன நினைவை உண்மையென்று நம்பியே சொல்கிறார். திரைக்கதையைப் படித்தவர்கள் அவருக்கு நோக்கமே இல்லை என்கிறார்கள். நினைவுப் பிறழ்வை மட்டும் நம்பி ஒரு பாத்திரத்தை நடத்திச் செல்ல முடியுமா?

நாகர்கோவில் உளவியல் மாணவி:
முடியும். எலிசபெத் லாஃப்டசும் ஜான் பால்மரும் 1974இல் வெளியிட்ட ஆய்வில், விபத்துப் படம் ஒன்றைக் காட்டிவிட்டு, கார்கள் 'மோதியபோது' என்ன வேகம் என்று 50 பேரிடமும், 'மோதி நொறுங்கியபோது' என்ன வேகம் என்று வேறு 50 பேரிடமும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, படத்தில் இல்லாத உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாக முதல் பிரிவில் 7 பேரும் இரண்டாம் பிரிவில் 16 பேரும் சொன்னார்கள். ஒருவரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. ஆகவே முதியவரை விசாரித்தவர் யார், எப்படிக் கேட்டார் என்பதை எழுதுங்கள்; நோக்கம் அந்த விசாரித்தவரிடம் இருக்கட்டும்.

தக்கலை ரசிகர்:
சகோதரி சொல்லும் ஆய்வை ஏற்கிறேன், முடிவை ஏற்க முடியவில்லை. 'த்ருஷ்யம்' (2013) என்ற மலையாளப் படத்தில், ஒரு கொலையை மறைக்க நாயகன் ஜார்ஜுகுட்டி தன் குடும்பத்தின் பயணத்தை ஆகஸ்ட் 2 அன்று நடந்ததாகப் பேருந்து நடத்துநர் உட்பட மற்றவர்கள் மனத்தில் பதிய வைக்கிறார். அங்கே நோக்கம் முழுவதும் அவருடையது. பேருந்து நடத்துநருக்குத் தனி நோக்கம் தேவைப்படவில்லை, ஏனென்றால் அவர் துணைப் பாத்திரம். உங்கள் முதியவரோ கதையின் நடுவில் நிற்பவர். விசாரித்தவர்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்றால் முதியவர் வெறும் பொம்மையாகிவிடுவார்.

அவருடைய தொழிலிலிருந்தே தொடங்குங்கள், அண்ணாச்சி. பால்வெட்டுகிறவருக்குத் தேதி நினைவிருக்காது. மழை பெய்து வெட்டு நின்றதா, அன்று வெட்டு இருந்ததா என்பதுதான் நினைவிருக்கும். தலைவிளக்கு வெளிச்சத்தில் பட்டையைச் சீவிவிட்டுப் பால் வடியும் சிரட்டையைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது, இரண்டு வரிசைக்கு அப்பால் ஒருவன் உதவி கேட்டுக் கத்துகிறான். இவர் விளக்கை அணைத்துவிட்டு அசையாமல் நிற்கிறார். அதை வைத்துக்கொண்டு அவரால் வாழ முடியாது. மாதங்கள் போகப்போக, அன்று மழை, வெட்டே இல்லை, தான் தோட்டத்துக்கே போகவில்லை என்று அவர் மனம் நம்பத் தொடங்குகிறது. இதைவிட வலுவான நோக்கம் வேறென்ன வேண்டும்?

குலசேகரம் கதைசொல்லி:
இது எனக்குத் தோன்றவே இல்லை, மிக்க நன்றி. அப்படியானால் அந்த மழையைக் காட்சியாகக் காட்டலாமா?

தக்கலை ரசிகர்:
அவர் சாட்சி சொல்லும்போது காட்டுங்கள், அவர் நம்புகிறபடியே முழு மழையாக. நடந்தது இது, நினைத்தது இது என்று வண்ணம் மாற்றிப் பார்வையாளருக்கு முன்கூட்டியே அடையாளம் சொல்லிவிடாதீர்கள். பல படங்கள் அந்த இடத்தில்தான் சப்பென்று ஆகிவிடுகின்றன. பிறகு தோட்டத்தின் கணக்குப் புத்தகம் வரட்டும். அன்று அவர் கொண்டுவந்த பாலின் அளவு அதில் எழுதியிருக்கும். அதைப் படித்துக் காட்டிய பிறகும் அவர் மழை பெய்தது என்றே சொல்லட்டும்.