புதுப்பிப்பு: 10 நாள் பயணம், 7 கிலோ கைப்பை மட்டும்

10 நாள் விமானப் பயணத்துக்கு 7 கிலோ கைப்பை போதுமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. போதும், தாராளமாக.

மிகவும் உதவியது, முதலில் காலிப் பையை எடை போடச் சொன்ன யோசனைதான். என் சக்கரப் பெட்டி வெறுமனே 2.8 கிலோ! அதை விட்டுவிட்டு 900 கிராம் முதுகுப்பைக்கு மாறினேன். கனமான ஷூவைக் காலில் போட்டுக்கொண்டேன். நான்கு சட்டைகளை இரவில் துவைத்து மாற்றி மாற்றி உடுத்தினேன். துணியைச் சுருட்டி வைத்ததில் இடம் மிச்சம், ஆனால் எடை அதேதான்.

எதிர்பாராதது: பாதுகாப்புச் சோதனையில் 150 மி.லி. பற்பசையை எடுத்துவிட்டார்கள். பாதிதான் மீதி இருந்தது. ஆனாலும் குழாயில் அச்சிட்ட அளவுதான் கணக்கு, அது 100 மி.லி.யைத் தாண்டக்கூடாது. பற்பசையும் திரவத்தோடு சேர்த்திதான். அப்புறம், கடைசி நேரத்தில் பையைச் சரக்குப் பகுதிக்கு அனுப்பச் சொன்னால், பவர் பேங்கை மறக்காமல் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.